பழைய கார் திருத்த விரும்புவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பெரியப்பா 1954 ஆம் ஆண்டில் வாங்கிய மொறிஸ் மைனர் கார், எங்கள் வீட்டுக் கொட்டிலில் பதினெட்டு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. அதைத் திருத்தி ஓட்ட விரும்புகிறேன். மெக்கானிக் வேலையில் எனக்கு முன்பழக்கம் இல்லை. முதலில் எஞ்சினைக் கழற்றுவதா, பெயின்ற் அடிப்பதா?
- வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். வாகனப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அதிலுள்ள சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புத்தகம் இன்னமும் பெரியப்பாவின் பெயரிலேயே இருக்குமானால், செலவைத் தொடங்குமுன் உரிமை மாற்றத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் காருக்குக் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். உறுதியான தாங்கிகளை வைத்த பிறகே போங்கள். மொறிஸ் மைனருக்குத் தனியான சேசிஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தகர உடலே பாரத்தைச் சுமக்கிறது. ஆகவே கறல் அழகைக் கெடுக்கும் குறை மட்டுமன்று, அது எலும்பை அரிக்கும் நோய். கடற்காற்று நாள் முழுவதும் படுகின்ற உங்கள் ஊரில், கொட்டிலுக்குள் நின்ற காரும் இதற்குத் தப்பியிராது. கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, பின்பக்க வில்தகடுகள் உடலோடு பொருந்தும் இடம், ஜக் வைக்கும் இடம், கால் வைக்கும் தளத்தகடு ஆகிய நான்கையும் ஸ்குறூட்றைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்று ஒலிக்கும். இற்றுப்போன தகரம் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். பழைய திருத்த வேலை எங்கேனும் பள்ளம் நிரப்பும் பசையான புட்டியால் மறைக்கப்பட்டிருக்கிறதா என்றறிய, மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை உடல் மீது நகர்த்துங்கள். புட்டி தடிப்பாக உள்ள இடத்தில் அது ஒட்டாமல் நழுவும்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். என் முதற்காருக்கு அவசரப்பட்டுப் பெயின்ற் அடித்தேன். அந்த மாரி முடிவதற்குள் கதவின் அடிவிளிம்பில் கொப்புளங்கள் எழுந்தன. நீர் வடிவதற்கெனக் கதவின் அடியில் உள்ள சிறு துளைகளைப் புட்டி அடைத்திருந்தது. மழைநீர் உள்ளேயே தேங்கி, தகரத்தை உட்புறமிருந்து தின்றிருக்கிறது. ஒரு கம்பித்துண்டால் ஐந்து நிமிடத்தில் துப்புரவாக்கியிருக்க வேண்டிய துளைகள் அவை. இற்றுப்போன தகரத்துக்கான வெல்டிங் வேலை முழுவதும் முடிந்து, காரும் சில மாதம் ஓடிய பின்பே நிறத்தைப் பற்றி யோசியுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, உங்கள் காரில் பெரும்பாலும் 803 சிசி எஞ்சினே இருக்கும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கயிறு கட்டி இழுத்து ஸ்ராட் செய்யும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். பழைய பெற்றோலை முற்றாக வடித்துவிடுங்கள். இன்னொன்று: இந்தக் காரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படும். இக்காலக் கார்களின் வழக்கத்திற்கு இது நேர்மாறானது என்பதால், இளம் மெக்கானிக்மார் பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டிவிடுவதுண்டு.

கார் அசையுமுன் பிறேக் சீராக வேண்டும். மிதிக்கும்போது பிறேக் எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர், சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும்; அதனாலேயே பலர் அதைக் கவனிப்பதில்லை. அதன் றப்பர்களையும், நான்கு சில்லுகளிலுமுள்ள சிலிண்டர்களின் றப்பர்களையும், வளையும் குழாய்களையும் புதிதாக மாற்றுங்கள். முன்சில்லுகளின் கீழ் மூட்டுக்கு நெடுங்காலம் கிரீஸ் போகாதிருந்தால் அதன் புரி தேய்ந்து, ஓடும்போதே சில்லு பக்கவாட்டில் மடிந்து விழக்கூடும். தேய்மானம் தெரிந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். கையில் அங்குல அளவு ஸ்பனர்களை வைத்திருங்கள். மில்லிமீற்றர் ஸ்பனர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். உதிரிப்பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். இங்கிலாந்திலும் இந்தக் காருக்கு இன்றுவரை புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் என்ற பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முதல் முயற்சிக்கு உகந்ததா?
- வாசகர், சாம்பல்தீவு

பதில்: உகந்ததே. சொமர்செற்றுக்குத் தனிச் சேசிஸ் இருப்பதால், உடல் தகரத்தின் கறல் மைனரில் போல அவ்வளவு ஆபத்தானதன்று. சேசிஸ் நலமாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஆனால் யாழ்ப்பாணத்துக் கார் என்பதால் ஒன்றை விசாரியுங்கள். பெற்றோல் தடைப்பட்டிருந்த யுத்த காலத்தில், அங்கே இத்தகைய கார்கள் சிறிதளவு பெற்றோலில் ஸ்ராட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் பெயரிங்குகள் தேயும். அதன்பின் எஞ்சின் பிரித்துத் திருத்தப்பட்டிருந்தால் பரவாயில்லை. இல்லையெனில் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒயில் அழுத்தத்தைப் பார்த்து, குறைவாயிருந்தால் எஞ்சின் வேலைக்கான செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.