ஒரே எஸ்க்யூலைட் (தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் டேட்டாபேஸ்) கோப்பில் இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் படித்து எழுதலாமா?

எழுதலாம். ஆனால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டும். எப்படிக் காத்திருப்பது என்று உங்கள் புரோகிராமுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். நான் சொல்லித்தரவில்லை, அதனால் பட்டேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி, பெயர் வேண்டாம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டுச் சீட்டு கொடுக்க ஒரு புரோகிராம், மாதக் கணக்குக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே கணினியில், ஒரே கோப்பின் மேல் ஓடின. சி பிளஸ் பிளஸ்ஸில் நானே எழுதியது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஜூன் மாதம், இலை குவிகிற நேரம். மாதக் கடைசியில் ஒரு பெரியவர் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். சீட்டில் 23 கிலோ இருக்கிறது, கணக்கில் இல்லை. “மெஷின் தப்பு பண்ணாதுன்னு நீதானே சொன்ன தம்பி?” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

நடந்தது இதுதான். கணக்குப் புரோகிராம் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே அச்சடித்தது. அச்சு முடியும்வரை அதன் படிப்புப் பூட்டு விழுந்தே கிடந்தது. எஸ்க்யூலைட் இயல்பாகப் பின்பற்றும் பழைய ஜர்னல் முறையில், ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது எழுதுகிறவரால் கமிட் செய்ய, அதாவது எழுதியதைக் கோப்பில் உறுதியாக்க, முடியாது. காத்திருப்பு நேரம் இயல்பாகவே பூஜ்யம் என்பதால் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று உடனே திரும்பிவிட்டது. அந்தப் பிழையை நான் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தேன். சீட்டை முதலில் அடித்துவிட்டுப் பிறகு சேமித்ததும் என் புத்திசாலித்தனம்தான்.

அப்புறம் செய்த மாற்றங்கள்: பூட்டு திறக்கக் காத்திருக்கும் நேரமான பிஸி டைம்அவுட்டை 5000 மில்லி விநாடி ஆக்கினேன். வால் (WAL, ரைட்-அஹெட் லாக்) முறைக்கு மாற்றினேன், மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை இது (2010இல் 3.7.0 பதிப்பில் வந்தது). இதில் படிப்பவர் எழுதுகிறவரைத் தடுப்பதில்லை. முதலில் படித்துவிட்டு அதே பரிவர்த்தனையில் (ஒரே மூச்சில் முடிய வேண்டிய வேலைத் தொகுப்பில்) எழுதப் போகிறீர்கள் என்றால், எழுதும் பூட்டை முதலிலேயே எடுத்துக்கொள்ளும் ‘பிகின் இம்மீடியட்’ என்று தொடங்குங்கள். இல்லையென்றால் நடுவில் வேறொருவர் எழுதிவிட்டபோது, டைம்அவுட் எவ்வளவு வைத்திருந்தாலும் பிழைதான் வரும். சேமித்த பிறகே சீட்டு.

பெயருக்கேற்ற மாதிரி, கோப்புக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு வால் கோப்பு முளைக்கும். புரோகிராம் ஓடும்போது அதை விட்டுவிட்டு முதன்மைக் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்தால், கடைசியாக எழுதியது வராமல் போகலாம்.

நெட்வொர்க் ஃபோல்டரில் மட்டும் வைக்காதீர்கள். வால் முறைக்கு எல்லாப் புரோகிராம்களும் ஒரே கணினியில் இருக்க வேண்டும். மாடியில் ஆபீசுக்குத் தனிக் கணினி வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, எடை மேடைக் கணினியிலேயே ஒரு சின்ன சர்வர் எழுதி வைத்து, மாடி அதனிடம் கேட்கும்படி செய்தேன்.

“இதற்குப் போஸ்ட்கிரஸ் (தனி சர்வராக ஓடும் டேட்டாபேஸ்) போட்டிருக்கலாமே” என்று வருபவர்களுக்கு: போட்டிருக்கலாம், நான் மறுக்கவில்லை. அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நானும் கோயம்புத்தூரில் இருக்கிறேன். நிமிடத்துக்கு நாலு மூட்டை எடை போட எஸ்க்யூலைட் தாராளம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அதே புரோகிராமில் ‘ஈரக் கழிவு’ என்று ஒரு கட்டம் உண்டு. மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கும், கழிக்கட்டும், நியாயம். ஆனால் எத்தனை சதவீதம் என்பது எடை போடுகிறவர் இலையைத் தொட்டுப் பார்த்துத் தட்டுகிற எண். வெயில் நாளிலும் அந்தக் கட்டம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு, “அது உங்க வேலை இல்ல சார்” என்றார்கள். என் 23 கிலோவுக்கு, நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் (log) ஃபைலில் தடயம் இருந்தது, மறுநாளே அந்தப் பெரியவர் கணக்கில் ஏற்றினேன். இதற்கு எந்த லாக்கைத் தேடுவது?

சரி, உங்கள் இரண்டாவது புரோகிராம் அதே கணினியில்தான் ஓடுகிறதா? கேள்வியில் அதைச் சொல்லவில்லையே.