சிஸ்டரிடம் கேளுங்கள்: ஃப்ரீடவுன் துறைமுகத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கப்பல்

(பதில் சொல்பவர் பெரம்பூர்க்காரர், ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கப்பலிலேயே இலவசமாக அறுவை சிகிச்சை செய்யும் மெர்சி ஷிப்ஸ் தொண்டு அமைப்பின் 'குளோபல் மெர்சி' கப்பலில் தன்னார்வலராக இருந்தவர். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.)

கே: என் மகளும் நர்ஸ்தான். மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் நிற்கும் அந்தக் கப்பலுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "ஊருக்குள் எல்லாம் போகாதே, கப்பலிலேயே இரு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே? – ஒரு தாய், கொளத்தூர்

ப: சரியில்லை அம்மா. அங்கே உள்நாட்டுச் சண்டை முடிந்தது 2002இல். இன்னும் நாம் பழைய செய்தியையே நினைத்துக்கொண்டு பயப்படுகிறோம்.

எனக்குப் பயம் ஊரைப் பற்றி இல்லை, கப்பலைப் பற்றித்தான். 174 மீட்டர் நீளம், 12 தளம், 6 ஆபரேஷன் தியேட்டர். ஏசி உண்டு, காபிக் கடை உண்டு, ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட உண்டு. டியூட்டி முடிந்தால் படி இறங்கவே மனசு வராது. துறைமுக கேட்டைத் தாண்டாமலே ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அந்த வேலையை அவர்கள் சென்னையிலேயே பார்த்திருக்கலாம்.

முகத்தில் பெரிய கட்டியோடு ஒருவர் படுத்திருப்பார். "இத்தனை வருஷம் ஏன் விட்டு வைத்தீர்கள்?" என்று நமக்கு வாய் வரை வந்துவிடும். வெளியே போய், உள் மாவட்டங்களிலிருந்து வரும் பஸ்ஸில் ஜனங்கள் எப்படி நெருக்கியடித்து வருகிறார்கள், மருந்துக் கடையில் மாத்திரையை ஒன்று இரண்டாக எண்ணி வாங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டோம். உங்கள் மகள் நல்ல நர்ஸாக இருக்கவாவது இறங்கிப் போகட்டும்.

இருட்டும் முன் திரும்ப வேண்டும், துணையோடு போக வேண்டும். செயின், வளையலைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். 'ஒக்கடா' எனும் பைக் டாக்சி வேண்டாம். 'கேக்கே'யில் ஏறலாம். வேறொன்றுமில்லை, நம் நாட்டிலிருந்து போன ஆட்டோதான். கப்பலுக்கென்று தனி விதிகளும் உண்டு, அதைப் போனதும் சொல்லிவிடுவார்கள்.

கே: சம்பளம் எவ்வளவு தருவார்கள்? – ஒரு வாசகர், அம்பத்தூர்

ப: தருவதா? நாம்தான் கட்ட வேண்டும். டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ், அதோடு தங்கவும் சாப்பிடவும் மாதக் கட்டணம், எல்லாம் நம் கைக்காசு. நோயாளிக்கு அறுவை சிகிச்சை முழுக்க இலவசம். இதைச் சொன்னால் என் தம்பி இன்றைக்கும் நம்புவதில்லை.

கே: போகுமுன் என்னென்ன ஊசி போட வேண்டும்? – ஒரு செவிலியர், ராயப்பேட்டை

ப: முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த நாளில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டாக வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையில் தரும் மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அது இல்லாமல் நம் விமான நிலையத்தில் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

மலேரியா மாத்திரை எது என்பதை டாக்டர் சொல்லட்டும். திரும்பி வந்த பிறகும் சில நாள் தொடர வேண்டியிருக்கும். நர்ஸ்களே பாதியில் நிறுத்திவிடுகிறோம், அதனால்தான் சொல்கிறேன்.

கே: நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? – ஒரு வாசகி, மயிலாப்பூர்

ப: கப்பலில் கவலையில்லை. ஊருக்குள் கொஞ்சம் கஷ்டம்தான். அங்கேயும் சோறுதான் முக்கிய உணவு. ஆனால் மேலே ஊற்றும் மரவள்ளி இலைக் குழம்பில் பெரும்பாலும் மீனோ இறைச்சியோ கிடக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். 'கன்யா' என்று ஒரு தின்பண்டம் விற்பார்கள். வறுத்த வேர்க்கடலையும் அரிசியும் சர்க்கரையும் சேர்த்து இடித்தது. நம் பொருள்விளங்கா உருண்டைக்குத் தங்கச்சி என்றே வைத்துக்கொள்ளலாம். இஞ்சி பானமும் உண்டு, நல்ல காரம்!

கே: ஒரே ஒரு நாள் லீவு கிடைத்தால் எங்கே போவீர்கள்? – ஒரு வாசகர், ஐ.சி.எஃப். காலனி

ப: உங்கள் காலனிக்காரர் கேட்டால் வேறென்ன சொல்வேன்? ரயில் மியூசியம்! கப்பல் நிற்கும் 'குவீன் எலிசபெத் குவே' என்ற கப்பல் துறை இருக்கும் கிளைன் டவுன் பகுதியிலேயே இருக்கிறது. அந்த நாட்டில் 2 அடி 6 அங்குலப் பாதையில் ரயில் ஓடியது, 1974இல் மூடிவிட்டார்கள். பழைய பணிமனையில் எஞ்சின்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1961இல் எலிசபெத் ராணி வருகைக்காகக் கட்டிய பெட்டியும் உண்டு. ராணி அதில் ஏறினாரோ இல்லையோ, நான் நேரம் போவது தெரியாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஆயிற்றே.

அப்புறம் ஊரின் நடுவே கனாட் மருத்துவமனை. அதன் பழைய வாசல் வழியாகத்தான் அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷார் மீட்ட மனிதர்களைக் கூட்டி வந்தார்கள். பிரிட்டிஷாரின் வீரத்தையும் கருணையையும் பற்றி மேலே கல்வெட்டு இருக்கிறது. அதற்கு முன் அப்படி மனிதர்களை விலைக்கு வாங்கியவர்களில் பிரிட்டிஷாரும் உண்டு என்பதை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஊருக்கே அடையாளமாக இருந்த 'காட்டன் ட்ரீ' என்ற பெரிய இலவ மரம் 2023 மே மாதப் புயல் மழையில் விழுந்துவிட்டது.

கடைசியாக பிக் மார்க்கெட். விலை கேட்குமுன் 'குஷே' என்று வணக்கம் சொல்லுங்கள், மூஞ்சியே மலரும். 2022இல் பணத்தில் மூன்று பூஜ்யம் எடுத்துவிட்டார்கள், ஆனால் பலர் இன்னும் பழைய கணக்கில் ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். பயந்து ஓடாதீர்கள். 'காரா' சாயத் துணி வாங்கலாம். முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள், நீலம் இறங்கும்.