பட்டுக்கு ஒட்டுப் போடலாம், அப்பாவின் கண்ணுக்கு?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்களுக்குப் பரதநாட்டிய உடை தைக்கும் கடை இருக்கிறது. அப்பாதான் கட்டிங் மாஸ்டர், வயது 66. மல்லேஸ்வரம், ராஜாஜிநகர் பக்கத்து நாட்டிய ஆசிரியைகள் அவர் பெயரைச் சொல்லித்தான் வருகிறார்கள். அவரிடமே தொழில் கற்ற எனக்கு 31 வயது. பொம்மனஹள்ளியில் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனி, துணி வெட்டுவதற்கான மாதிரி போடும் பேட்டர்ன் மாஸ்டர் வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறது. போகக் கூடாது என்கிறார் அம்மா. தம்பி ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறான், கடைப் பக்கம் வருவதில்லை. அப்பாவுக்கு முன்போல் பார்வை இல்லை. இரண்டு வருடமாக, அவர் தூங்கிய பிறகு அவர் வெட்டியதை அளந்து பார்த்து நானே சரிசெய்து வைக்கிறேன். உடையின் முன்பக்கம் மடிப்பு மடிப்பாக விரியும் விசிறிக்கு அடியில் ஒட்டுத் துணி வைத்தால் யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போனால் அப்பாவைக் கைவிட்டவள் ஆகிவிடுவேனா?
– பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: வேலைக்குப் போகலாமா, கூடாதா என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது பிறகு. விசிறிக்கு அடியில் வைக்கும் அந்த ஒட்டைப் பற்றி முதலில் பேசுவோம், அதை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாலும்.

இரண்டு வருடம் ராத்திரி கண்விழித்துப் பட்டைச் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போக நேரம் இல்லையா? கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். டாக்டர் என்ற பேச்சே அதில் இல்லை. கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் மின்டோ கண் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனை, நூறு வருடம் தாண்டியது. ஸ்ரீராமபுரத்திலிருந்து எத்தனை தூரம்? கருநீலமும் கறுப்பும் குழம்புகிறதா, ட்யூப் லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று அவரிடம் ஒரு நாளாவது கேட்டீர்களா? கண்புரையாக இருந்தால் அரை மணி நேரம்கூடப் பிடிக்காத அறுவைச் சிகிச்சை, பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தாலோ, கண் அழுத்தமாக இருந்தாலோ கதை வேறு. கண் அழுத்தத்தில் போன பார்வை போனதுதான். மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். நீங்கள் ஒட்டு வைத்துக்கொண்டிருந்த இரண்டு வருடத்தில் எது நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதற்குப் பெயர் பாசம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. ஒட்டு வைத்த அந்தப் பட்டு யாருடையது? அரங்கேற்றத்துக்குக் காஞ்சிபுரத்துக்கே போய்ப் புடவை எடுத்து வந்து உங்கள் மேஜைமேல் வைக்கிறாள் ஒரு தாய். கத்தரி பட்டுவிட்டால் அது மறுபடி புடவை ஆகாது. மகள் நிற்கும்போது ஓர் அளவு, முழங்காலை மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் இன்னோர் அளவு. இடுப்புக்குக் கீழே உட்காரும் பகுதியான ஆசன அளவில் ஓர் அங்குலம் குறைந்தாலும் மேடையில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை அடுத்த வருடம் வளர்ந்துவிடுவாள் என்று உள்தையலில் தாராளமாகத் துணி விட்டு வைப்பது உங்கள் தொழில் வழக்கம். நீங்கள் ராத்திரி சரிசெய்யும்போது அந்தத் துணியிலும் கைவைக்கிறீர்களா, இல்லையா? அடுத்த வருடம் தையலைப் பிரித்துப் பார்க்கும்போது அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது?

அப்பா மனம் நோகக் கூடாது என்பீர்கள். பாதி அதுதான். மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன்: வாடிக்கை அவர் பெயருக்கு வருகிறது. வெட்டுவது மகள் என்று தெரிந்தால் ஆசிரியைகள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, அம்மாவுக்கும் இருக்கிறது. அதனால்தான் போகாதே என்கிறார். ராத்திரி மேஜையில் விளக்கு எரிவது இரண்டு வருடமாக அவர் கண்ணில் படவில்லையா?

அப்பாவுக்குத் தெரியாது என்பதையும் நான் நம்பவில்லை. ஆயுள் முழுக்கக் கத்தரி பிடித்த கை. காலையில் துணியை எடுத்தவுடன் சாக்குக்கட்டிக் கோடு இடம் மாறியிருப்பதும், வெட்டிய ஓரம் தன் வெட்டு இல்லை என்பதும் விரலுக்கே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறார் என்றால், அவரும் உங்களைப் போலத்தான் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வீட்டில் மூன்று பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள்.

சொல்லுங்கள். தையல்காரர்கள் முன்னால் வேண்டாம், அம்மா முன்னாலும் வேண்டாம். கடை திறப்பதற்கு முன், நீங்கள் கடைசியாகச் சரிசெய்த துண்டையே அவர் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். கோபப்படுவார். படட்டும். பெற்றவர் கோபத்துக்குப் பயந்து அவர் உடம்பைக் கவனிக்காமல் விடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதை மரியாதை என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

பிறகு வேலையைப் பிரியுங்கள். உடம்பைப் பார்த்து அளவு எடுப்பதும், விசிறி எத்தனை மடிப்பு, ஜரிகைக் கரை எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர் வேலை. அதற்குத் தேவை அனுபவம். பழுப்புத் தாளில் பேட்டர்ன் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, பிறகு பட்டில் கத்தரி வைப்பது உங்கள் வேலை. இதுவரை நேராகத் துணியிலேயே கோடு போட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாளில் தவறினால் நஷ்டம் தாளோடு போகும்.

இப்போது பொம்மனஹள்ளிக்கு வருகிறேன். கெட்ட வேலை இல்லை. ஆனால் அங்கே அரைமண்டி கிடையாது. ஒரு நடு சைஸுக்குக் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டு, அதை மற்ற சைஸ்களுக்கு ஏற்றி இறக்கி, துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு, வெட்டும் துண்டுகளின் வரைபடமான மார்க்கரில் அவற்றை நெருக்கி அடுக்கித் துணியை மிச்சப்படுத்த வேண்டும். கற்றுக்கொள்வீர்கள். பி.எஃப்.இல் நீங்கள் 12 சதவீதம் போட்டால் முதலாளியும் 12 சதவீதம் போட வேண்டும். ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு; வருமானம் இல்லாமல் உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் மருத்துவம் உண்டு. அப்பா கடையில் இதில் எது உங்களுக்குக் கிடைக்கிறது? மாதம் எவ்வளவு சம்பளம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

போவதாக இருந்தால் போங்கள், கைவிட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லாமல் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தீர்கள் என்றால், செவ்வாய்க்கிழமை தவறாக வெட்டிய துணி நேராகத் தையல் மெஷினுக்குப் போகும். அன்றைக்குத்தான் அவரைக் கைவிட்டதாக அர்த்தம்.

கம்பெனியிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால் போகட்டும், பேட்டர்ன் தெரிந்த கைக்கு பெங்களூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. அதற்குள் மருத்துவமனை முடிய வேண்டும். அன்றைக்கு ஒயிட்ஃபீல்டு தம்பி லீவு போட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கட்டும். அப்பா அவனுக்கும் அப்பாதானே? நீங்கள் கடையைத் திறந்து வையுங்கள்.