கழற்றி வைத்த காலணி

கேள்வி: பழைய சப்பாத்து ஒரு ஜோடியை வான்கோ வரைந்த ஓவியத்தின் அச்சுப்படியை என் மகன் கூடத்தில் மாட்டியிருக்கிறான். “வாசலில் விட வேண்டியதைச் சுவரில் மாட்டுவார்களா?” என்கிறார் என் மாமியார். ஓவியத்தில் காலணிக்கு என்னதான் பொருள்?
- வாசகி, தோ பாயோ

பதில்: உங்கள் மாமியாரின் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. செருப்பை வாசலோடு நிறுத்தும் வழக்கம் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு வரை நம்மோடு வந்திருக்கிறது. அப்படியொரு எல்லை இருப்பதனால்தான் கலையில் செருப்புக்குப் பொருளே பிறக்கிறது. ஆகவே அது காலில் இருக்கிறதா, கழன்று கிடக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியத்தில், தெருச் சேற்றுக்காகச் சப்பாத்தின்மேல் அணியும் மரமிதியடிகள் இடப்பக்க மூலையில் கழற்றிப் போடப்பட்டுள்ளன. அந்த அறை புனிதமான இடம் என்பதற்கு அவை அடையாளம் என்று சில அறிஞர்கள் விளக்கினார்கள். வீட்டுக்காரர் இப்போதுதான் வெளியிலிருந்து வந்தார் என்றும் கொள்ளலாமே என்பது என் எண்ணம்.

உங்கள் கூடத்து ஓவியம் 1886இல் பாரிஸில் வரையப்பட்டது என்றால், கயிறு அவிழ்ந்து, ஒன்றின் கழுத்து மடங்கிச் சரிந்திருப்பதைக் காண்பீர்கள். தத்துவ அறிஞர் ஹைடெக்கர் அவற்றில் உழவுத்தொழில் செய்யும் பெண்ணின் பாடுகளைக் கண்டார். கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாப்பிரோவோ, அவை நகரத்தில் வாழ்ந்த ஓவியரின் சொந்தச் சப்பாத்துகளே என்று 1968இல் மறுத்தார். கால் இல்லாத சப்பாத்து யாருடையது என்ற கேள்வி ஓயவே இல்லை.

நம் மரபில் பரதன் அரியணையில் வைத்த பாதுகை, இராமன் அங்கே இல்லை என்பதையும் ஆட்சி அவனுடையது என்பதையும் ஒருங்கே சொல்கிறது. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் கோயிலுக்குள், வீடுதோறும் பிச்சைக்குப் போகும் சிவ வடிவமான பிச்சாடனர் பாதுகை அணிந்தே நிற்பதைச் சோழர் சிற்பங்களில் பார்க்கிறோம். இவர்கள் எல்லாரையும் விஞ்சியவர் கண்ணப்பர். இறைவன் முடிமேல் இருந்த மலர்களை அவர் செருப்புக் காலாலேயே ஒதுக்கியதாகச் சேக்கிழார் பாடுகிறார். வேறொருவர் செய்திருந்தால் பெரும்பாவமாகியிருக்கும் செயல், அவரிடத்தில் அன்பின் உச்சமாயிற்று.

கண்ணப்பர் கதையை மாமியாருக்கு நினைவூட்டுங்கள். ஓவியம் கூடத்திலேயே இருக்கட்டும். பூசை மாடத்துக்கு எதிர்ச்சுவர் என்றால் மட்டும், வீட்டு அமைதியை முன்னிட்டு, வேறிடம் பார்க்கலாம்.