மலை வீட்டு வயரிங்: கேளுங்கள், சொல்கிறேன்

கோத்தகிரிப் பக்கம் 27 வருஷமாக வீட்டு வயரிங் எடுத்துச் செய்கிறேன், கான்ட்ராக்டர் லைசென்ஸ் உண்டு. ஆள் பிடிப்பது, கூலி, பழைய வயரை மாற்றுவது, எது வேண்டுமானாலும் கேளுங்கள். சோலார் மட்டும் வேண்டாம், எனக்குத் தெரியாது.

குன்னூர்: தாத்தா காலத்துக் கல் வீடு, மரப்பட்டை வயரிங், பீங்கான் ஃப்யூஸ். மொத்தமும் மாற்ற வேண்டும். ஒருவர் பாயிண்டுக்குச் சொன்ன ரேட்டில் பாதிதான் இன்னொருவர் கேட்கிறார். யாரைப் பிடிப்பது?

பைக்காராவில் 1932லேயே தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்த மலை இது, இன்னும் பாதி வீட்டில் பீங்கான் கட்டைதான்! சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாயிண்ட் என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். லைட்டும் கீசர் பிளக்கும் ஒரே கணக்கா, கல் சுவரைக் கொத்துவது யார், கொத்திய இடத்தைப் பூசுவது யார், மெயின் போர்டு அதில் சேருமா, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி சேருமா? பாதி ரேட் சொன்னவர் அநேகமாகக் கடைசி இரண்டையும் விட்டிருப்பார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் லைசென்ஸ். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், கேட்டதற்கே கோபித்துக்கொண்டால் அனுப்பிவிடுங்கள். அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: "உங்களிடம் மெக்கர் இருக்கா?" வயரின் இன்சுலேஷன் தாங்குமா என்று 500 வோல்ட்டில் சோதிக்கும் கருவி அது. உங்கள் வீட்டுப் பட்டை வயரைப் பெட்டி ஓரத்தில் லேசாக வளைத்துப் பாருங்கள், மெயினை அணைத்துவிட்டுத்தான். ரப்பர் விரலில் பொடியாக உதிரும். வெறும் டெஸ்டரோடு வருகிறவர் "லைட் எரியுது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கல் சுவரை ரொம்பக் கொத்த வேண்டாம், சுவர் மேலேயே பொருத்தும் பி.வி.சி. கேசிங் போதும். அழகாக இருக்காதுதான், ஆனால் பழுது வந்தால் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.

ஊட்டி: அண்ணா, மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் கொண்டுவந்தால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள்.

முடியும். ஐப்பசி மழையில் ராத்திரி டிரிப் ஆனால் அவர் மலையேறி வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடலூர்: ஜூன், ஜூலையில் ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுகிறது. கழற்றிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

ஆளை மாற்றுங்கள். கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அது, சும்மா விழாது, எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது. போன வருஷம் இப்படி ஒரு வீட்டில் தகரக் கூரைக்கு அடியில் இருந்த ஜங்ஷன் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அரை டம்ளர் தண்ணீர், மிதக்கும் எறும்பு, டேப் சுற்றிய ஜாயின்ட். பனிக்குத் தகரம் வியர்த்துச் சொட்டிய தண்ணீர் அது. ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வெளி லைட்டிலிருந்து தொடங்கட்டும்.

கொடைக்கானல்: கீசர் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது.

உடனே நிறுத்துங்கள். எர்த் குழி எங்கே?

அருவங்காடு: 2000 வாட் ரூம் ஹீட்டரைச் சின்ன பிளக்கில் போடலாமா?

2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர் வருகிறது. சின்ன பிளக் 6 ஆம்பியர். முடிவு உங்கள் கையில்.

மஞ்சூர்: எங்கள் இடம் முழுக்கப் பாறை, எர்த் குழி தோண்ட முடியாது. எலக்ட்ரீஷியன் பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார். பத்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லை.

நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், அறுபடும் வரைக்கும் ஒன்றும் ஆகாது. காற்றில் மரக்கிளை விழுந்து நியூட்ரல் மட்டும் போனால், எரிந்துகொண்டிருக்கும் பல்பு வழியாகவே 230 வோல்ட் அந்தத் துண்டுக்கு வந்து கீசர் உடம்பில் நிற்கும். ஈரக்கையோடு தொடுவது உங்கள் வீட்டம்மாவாக இருக்கலாம்.

மஞ்சூர்: மின்வாரியமே டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை எர்த் பண்ணுகிறதே! அவர்கள் செய்தால் சரி, நான் செய்தால் தப்பா?

நல்ல கேள்வி, இதைக் கேட்டதற்காகவே நீளமாகச் சொல்கிறேன். அங்கே செய்வது கரண்ட் கிளம்பும் இடத்தில், மண்ணில் குழி போட்டு. உங்கள் வீட்டில் மண்ணே இல்லை, நியூட்ரலுக்கும் கீசர் உடம்புக்கும் நடுவில் ஒரு துண்டு வயர் மட்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் கம்பிகள், ஜாயின்ட்கள், மரங்கள். நடுவில் எங்கே அறுந்தாலும் உங்கள் பக்கம் அந்தரத்தில்தான். இன்னொன்று, எர்த் குழி உள்ள வீட்டில் இப்படி ஒரு துண்டு இருக்கும்வரை ஆர்.சி.சி.பி. நிற்காது, திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வயர் வழியாகக் கசிந்து அது விழுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இப்படிச் செய்கிறவர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றுகிறார்கள்.

மஞ்சூர்: ஆர்.சி.சி.பி. எங்களிடம் இல்லை. பாறையில் குழி போட்டாலும் எர்த் நன்றாக வராதே, அப்புறம் எதற்குச் செலவு?

கணக்கைப் பாருங்கள். உங்கள் எர்த் மோசம், 100 ஓம் என்றே வையுங்கள். கீசரில் பழுது வந்தால் மண்ணுக்கு ஓடுவது 2.3 ஆம்பியர்தான். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் மட்டும் விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, கீசர் உடம்பில் கரண்ட் அப்படியே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதே 2.3க்குக் கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். பாறை ஊருக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். குழியை வீட்டுக்கு ஒட்டியே போட வேண்டும் என்று யார் சொன்னது? அடுக்களைத் தண்ணீர் போகும் பக்கமோ தேயிலைச் செடி நிற்கும் பக்கமோ மண் இருக்கும், அங்கே இரண்டு குழி போட்டு இணையுங்கள், கரியும் உப்பும் போட்டு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுங்கள்.

குன்னூர் (வேறொருவர்): கீசரில் ஷாக் அடிக்கிறது...

மேலே படியுங்கள்.

கோத்தகிரி: எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம், நாங்களே வயரிங் மாற்றலாமா?

உங்கள் வீடு இல்லை. எஸ்டேட் ஆபீசில் எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல்: வாட்டர் ஹீட்டரில் லேசாக ஷாக்...

எர்த் குழி எங்கே, எர்த் குழி எங்கே! இன்று ராத்திரிக்குள் இன்னொருவர் கேட்டால் கடையை மூடிவிடுவேன்.

மஞ்சூர்: சரிங்க, இரண்டு குழிக்கு எவ்வளவு ஆகும்?

முதலில் மெயினை அணைத்து அந்தத் துண்டை எடுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. வரும்வரை கீசரைத் தொடாதீர்கள், அடுப்பில் வெந்நீர் வையுங்கள். குழிக் கணக்கை நாளைக்குப் பேசலாம்.