8,000 மேற்கோள்கள் என்பதை எப்படிப் படிக்க வேண்டும்?

உங்களுக்கு முனைவர் பட்ட நெறியாளராக வரவிருப்பவரின் கூகுள் ஸ்காலர் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம்) பக்கத்தில் 140 கட்டுரைகள், 8,000 மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய தடவைகள்), ஹெச்-இன்டெக்ஸ் 41 என்று இருப்பதாகவும், இதை நம்பி அவரிடம் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் உயிர்மருத்துவ ஆய்வில் பல ஆண்டுகளாக இருப்பவள். தேர்வுக் குழுக்களில் அமர்ந்து இத்தகைய பட்டியல்களை வரிவரியாகப் படித்திருக்கிறேன். அந்த மூன்று எண்களோடு நின்றுவிடாமல் அவற்றுக்குக் கீழே உள்ள பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள் என்பதே என் பதில்.

ஹெச்-இன்டெக்ஸ் 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. ஒருவருடைய ஆறு கட்டுரைகள் முறையே 50, 18, 7, 6, 5, 3 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், குறைந்தது 5 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் ஐந்து இருப்பதால் அவருடைய ஹெச்-இன்டெக்ஸ் 5. முதல் கட்டுரை 50-க்குப் பதிலாக 5,000 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தாலும் அது 5-தான். அந்தக் கட்டுரையில் அவர் என்ன செய்தார் என்பதும் அந்த எண்ணில் தெரியாது. மேலும், இந்த அளவு காலப்போக்கில் ஏறுமே தவிர இறங்காது என்பதால், முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவரையும் இதைக்கொண்டு ஒப்பிடுவது நியாயமாகாது.

எங்கள் துறையில் பெயர் வரிசைக்குப் பொருள் உண்டு. பொதுவாக ஆய்வுக்கூட மேசையில் உழைத்தவர் முதலிலும், ஆய்வுக்கூடத்தின் தலைவர் கடைசியிலும் வருவார்கள். மாதிரிகளைத் தந்தவர்களும் புள்ளியியல் பகுப்பாய்வில் உதவியவர்களும் பெரும்பாலும் நடுவில் இருப்பார்கள். ஒரு முறை எங்கள் குழுவின் முன் ஏறத்தாழ 6,000 மேற்கோள்கள் கொண்ட ஒருவரின் விண்ணப்பம் வந்தது. மேலே இருந்த மூன்று கட்டுரைகளும் பெரிய கூட்டாய்வுகள். நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே அவருடைய பெயரைக் கணினியில் தேடித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது எஞ்சியவை எழுநூற்றுச் சொச்சம் மேற்கோள்களே. ஆனால் அந்த எஞ்சிய பகுதியில், ஒரே கேள்வியை விடாமல் பின்தொடர்ந்து அவர் முதல் ஆசிரியராக எழுதிய நான்கு கட்டுரைகள் இருந்தன; ஒன்றில் எழுந்த ஐயத்துக்கு அடுத்தது விடை தேடியது. அவரைத் தேர்ந்தெடுத்தோம், அந்த நான்கு கட்டுரைகளுக்காக.

அடுத்து, எந்த வகைக் கட்டுரை மேற்கோள்களை ஈர்க்கிறது என்று கவனியுங்கள். ஒரு துறையின் நிலவரத்தைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரைகளும், செய்முறைக் கட்டுரைகளும் இயல்பாகவே அதிகம் மேற்கோள் காட்டப்படும். புரதத்தின் அளவைக் கணக்கிடும் முறையை விளக்கி ஆலிவர் லவுரி 1951-இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட கட்டுரை 3,00,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. அதைத் தம் சிறந்த கட்டுரையாக அவரே கருதவில்லை. கருவியாகப் பயன்படுவதும் பெரிய பங்களிப்புதான், ஆனால் புதிய உண்மையைக் கண்டறிவது வேறு வகைப் பங்களிப்பு.

என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது, மேற்கோள் இடம்பெறும் வாக்கியம். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. அதை மறுப்பதற்காக மேற்கோள் காட்டியவர்கள் ஏராளம். கணக்கில் அந்த மறுப்புகளும் மேற்கோள்களாகவே சேர்கின்றன. ஆகவே உங்கள் நெறியாளரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இரண்டு கட்டுரைகளை எடுத்து, அவற்றை மேற்கோள் காட்டிய பத்துக் கட்டுரைகளைத் திறந்து, அவருடைய பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் படியுங்கள். முன்னுரையில் எட்டுப் பேரை ஒரே அடைப்புக்குறிக்குள் அடுக்கும்போது அவரும் ஒருவராக வருகிறாரா, அல்லது "இவர்கள் கண்டறிந்ததை அடிப்படையாகக் கொண்டே இச்சோதனையை வடிவமைத்தோம்" என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறதா? ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் இந்த வேலை, எந்தக் குறியெண்ணும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

மேற்கோள் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து யாரையும் தள்ளிவிடவும் வேண்டாம். எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்கு வழிவகுத்த கட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் ஆகியோரின் 2005-ஆம் ஆண்டுக் கட்டுரை, வெளிவந்தபோது பெரிய கவனத்தைப் பெறவில்லை; 2023-இல் அவர்கள் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

எண்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழின் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடப்படும் முன்வெளியீடுகளையும்கூடக் கணக்கில் சேர்ப்பதால், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்களைவிட அதில் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஒரே பெயருடைய இன்னொருவரின் கட்டுரைகள் கலந்துவிடுவதும் நடக்கிறது. அவருக்கு ஆர்சிட் எண் (ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரப்படும் அடையாள எண்) இருந்தால் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் மாணவராகச் சேரப் போகிறவர் என்பதால், மேற்கோள் கணக்கையெல்லாம்விட உங்களுக்குப் பயன்படக்கூடியது இன்னொன்று. அவர் கடைசி ஆசிரியராக உள்ள கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுத்து, முதல் ஆசிரியர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் பெயர்கள் முதலிடத்தில் வருகின்றனவா, ஒரு மாணவரின் முதல் கட்டுரை வெளிவர எத்தனை ஆண்டுகள் ஆகின்றன, பட்டம் பெற்றபின் அவர்கள் தம் பெயரில் ஆய்வைத் தொடர்கிறார்களா என்று பாருங்கள். பிறகு அந்தப் பெயர்களில் இருவருக்கு, அங்கே வேலை செய்த அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்களில் ஒருவராவது வெளிப்படையாகப் பதில் எழுதுவார்.