கரண்ட் போய் வந்த பிறகு ஜிசிசி ஏன் மூன்று தரம் பில்ட் ஆகிறது?

கோண்டாவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "4 ஜிபி ராம், நாலு கோர் லப்டொப், உபுண்டு. லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் (எல்எஃப்எஸ்) முறைப்படி மூலநிரலிலிருந்து லினக்ஸ் கட்டுகிறேன். ஜிசிசி கம்பைலரை முதல் தரம் கட்டும் 'முதல் பாஸ்' ஓடும்போது கரண்ட் போய்விட்டது, பற்றரியும் பழசு, எல்லாம் நின்றுவிட்டது. திரும்பப் போட்டு, டெர்மினல் திறந்து, ஜிசிசியைப் புதிதாக விரித்து ஓடவிட்டேன். முதலில் ஓடியதைவிட எவ்வளவோ கூட நேரம் ஓடிவிட்டு, சிசி1பிளஸ் (சி++ நிரலைக் கம்பைல் செய்யும் பகுதி) 'கில்ட்' என்று நின்றது. ஓ3, மார்ச்=நேட்டிவ் என்ற ஆப்டிமைசேஷன் தெரிவுகளைப் போட்டால் வேகமாகுமா?"

ஆகாது. ஓ3 போட்டால் கம்பைலருக்கு வேலை கூடும், நேரமும் கூடும். டூல்செயின் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும்) முடியும் வரை அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்கள் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நிரலை ஓடவிட்ட அந்த பில்ட் கோப்புறைக்குள் போய்ப் பாருங்கள், "ஸ்டேஜ்1-ஜிசிசி" அல்லது "ப்ரெவ்-ஜிசிசி" என்று ஏதாவது கிடக்கிறதா? நான் நினைப்பது சரியென்றால் கிடக்கும். முதல் பாஸில் அவை இருக்கவே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். ஜிசிசி தான் ஓடும் கணினிக்காகவே தன்னைக் கட்டும்போது மூன்று தரம் கட்டும். பக்கத்து வீட்டு மோர் விட்டு முதல் தயிரை உறைய வைத்து, அந்தத் தயிரில் கொஞ்சம் எடுத்து இரண்டாவது, அதில் எடுத்து மூன்றாவது என்பது போல: உபுண்டுவின் கம்பைலர் முதலாவதைக் கட்டும், முதலாவது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. பிறகு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடும். நல்ல முறைதான், ஆனால் முதல் பாஸில் நமக்கு அது தேவையில்லை. அங்கே எல்எஃப்எஸ்_டிஜிடி என்ற மாறியில் "எக்ஸ்86_64-எல்எஃப்எஸ்-லினக்ஸ்-க்னூ" என்று கொடுப்பதே, நடுவில் உள்ள அந்த "எல்எஃப்எஸ்" என்ற சொல்லைப் பார்த்து "இது வேறொரு கணினிக்கு" என்று கன்ஃபிகர் (கட்டுவதற்கு முன் ஓடி எல்லாம் தீர்மானிக்கும் ஸ்க்ரிப்ட்) நம்பி, கிராஸ் கம்பைலராக, அதாவது வேறு கணினிக்கு நிரல் கட்டும் கம்பைலராக, ஒரே தரம் கட்டிவிட்டுப் போவதற்காகத்தான்.

கரண்ட் வந்த பிறகு நீங்கள் திறந்தது உங்கள் சொந்தக் கணக்கின் டெர்மினல். இந்த வேலைக்கென்று உருவாக்கிய எல்எஃப்எஸ் பயனருக்குள் போகவில்லை, அதனால் அந்த மாறி வெறுமை. அதிலிருந்து எடுக்கும் டார்கெட் (எந்தக் கணினிக்கு என்பது) வெறுமையாக இருந்தால் கன்ஃபிகர் பிழை சொல்லாது, "சரி, இந்தக் கணினிக்குத்தான்" என்று எடுத்துக்கொண்டு மூன்று தரமும் கட்டத் தொடங்கும். இன்ஸ்டால் வரை போகாதது நல்லதாகப் போயிற்று, சூடோ போட்டிருந்தால் உபுண்டுவுக்குள்ளேயே கோப்புகள் விழுந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு தரமும் திரும்பத் தொடங்கும்போது இதைச் செய்யுங்கள்: முதலில் எல்எஃப்எஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்யுங்கள் (தானாக மவுண்ட் ஆக வேண்டியவற்றை எழுதும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதாவிட்டால் ரீபூட்டில் கழன்றுவிடும், பிறகு வெறும் கோப்புறைக்குள் எழுதிக்கொண்டிருப்பீர்கள்). அப்புறம் எஸ்யு கட்டளையில் நடுவில் உள்ள சிறு கோட்டை விடாமல் எல்எஃப்எஸ் பயனருக்குள் போங்கள், கோடு இல்லாவிட்டால் உங்கள் பழைய சூழல் மாறிகளும் கூடவே வந்துவிடும். உள்ளே போனதும் எல்எஃப்எஸ் (மவுண்ட் பாதை), எல்எஃப்எஸ்_டிஜிடி என்ற இரண்டு மாறிகளையும் எக்கோ செய்து கண்ணால் பாருங்கள். இப்போது இருக்கும் ஜிசிசி கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு இறக்கிய மூட்டைக் கோப்பிலிருந்து மறுபடி விரியுங்கள், மேக் கிளீன் போதாது.

"கில்ட்" வந்தது வேறு காரணம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸெக் கட்டளையில் பார்த்தால் நினைவகம் தீர்ந்து கெர்னலே அந்த ப்ரோசஸை நிறுத்தியது தெரியும். ஜிசிசிக்குள் சில கோப்புகள் தனியே ஒரு ஜிபிக்கு மேல் தின்னும், ஜிம்பிள்-மேட்ச் அதில் பேர்போனது, ஜிசிசி 14-இலிருந்துதான் அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். 4 ஜிபியில் மேக் கட்டளைக்கு ஜே4 (ஒரே நேரத்தில் நாலு வேலை) வேண்டாம், ஜே2 போடுங்கள், 4 ஜிபி ஸ்வாப் கோப்பும் சேருங்கள், பிரவுசரை மூடிவிடுங்கள்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். ஜிலிப்சி (சி நூலகம்) முடிந்ததும், வெறும் மெயின் மட்டும் உள்ள ஒரு வரி சி நிரலைப் புதிய கம்பைலரால் கட்டி, ரீட்எல்ஃப் கட்டளையில் இன்டர்ப்ரெட்டர் வரியை (நிரலை ஏற்றும் லோடரின் பாதை) பாருங்கள். "/லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2" என்று மட்டும் இருக்க வேண்டும். முன்னால் உங்கள் மவுண்ட் பாதை ஒட்டியிருந்தால் அங்கேயே நில்லுங்கள், மேலே போனால் எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டி வரும். சரியாக இருந்தால் லிப்எஸ்டிடிசி++ (சி++ நூலகம்) முடித்த கையோடு எல்எஃப்எஸ் கோப்புறை மரம் முழுவதையும் டார் கட்டளையால் ஒரே கோப்பாக்கி வெளி டிஸ்க்கில் வையுங்கள். அடுத்த தரம் கரண்ட் போனால் அங்கிருந்து தொடங்கலாம்.